பாவாயி நங்கையா எதிரில் வைத்த தட்டு

என் மூத்த பேரன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அவன் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான்; லீவில் ரிக் லாரியோடு ஆந்திராப் பக்கம் போய், பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். மூத்த மகள் வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கிறாள். இளையவள் மகள் பேச்சுப் போட்டியில் கலெக்டர் கையால் கோப்பை வாங்கினாள். கடைக்குட்டிப் பேரன் இன்னும் எதுவும் வாங்கவில்லை. ஆனால் அவன் ஓடுகிற ஓட்டத்துக்கு எதையாவது வாங்காமல் விடமாட்டான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இதையெல்லாம் நாலு பேரிடம் சொல்வதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அன்றைக்கும் மாவு மில்லில் கம்பைக் கொடுத்துவிட்டு, காத்திருந்த பெண்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோப்பை வாங்கிய இடத்துக்கு வந்துவிட்டேன். அப்போது திருச்செங்கோட்டிலிருந்து வந்த பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில், மில்லுக்கு எதிரே நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி சத்தம் போட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க நங்கையா தவறிட்டாங்களாமுங்க. பட்டறைக்காரரு சொல்லியுட்டாரு. திரும்பி வாரப்ப ஏத்திக்கறேன், இங்கயே நில்லுங்க."

"சாப்பிட்டாங்களாமா?" என்று கேட்டேன். மற்ற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவுச் செய்தி கேட்டவள் கேட்கிற கேள்வியா அது? கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. பாவாயி நங்கையாவை அறிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது தெரியும். திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம் வட்டாரத்து லாரிக்காரர்கள் படிக்கிற இதழ் இது. உங்களில் பலர் அவரை எங்காவது ஒரு சாப்பாட்டுக்கடையில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். திருச்செங்கோட்டில், லாரி பாடி கட்டுகிற பட்டறைக்குப் பின்புறம், ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, குளிப்பாட்டாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கதான் சொல்லோணும். மஞ்சப் பூசறதா, வேண்டாமா?"

சுமங்கலியாகப் போகிறவளுக்கு மஞ்சளும் குங்குமமும் பூவும் உண்டு. விதவைக்குக் கிடையாது. பாவாயி நங்கையா இரண்டில் எது என்பது ஊருக்குத் தெரியாது. பதினாறு, பதினேழு வருஷமாக யாருக்கும் தெரியாது. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது, வீட்டில் புருஷன் இல்லை. வெளியே எங்கள் பங்காளிப் பெரியவர் குரலை உயர்த்தினார். "போனவன் போனதுதான். இத்தனை வருஷம் கழிச்சு மஞ்சளென்ன, பூவென்ன? ஒழுங்கா முறையைப் பண்ணுங்க." எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன்னால், அதை எங்கிருந்து எடுத்துச் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நங்கையாவின் கணவர் செங்கோடண்ணன் லாரி டிரைவர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு வடக்கே நெடுந்தூரம் போவார். திரும்பி வரும்போது புடவையோ வளையலோ வாங்கி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் கொண்டுவந்ததெல்லாம் அங்கங்கே தின்றதைப் பற்றிய பேச்சுதான். வாசற்படியில் உட்கார்ந்து, விலாவாரியாகச் சொல்வார். "கல்கத்தா ரோட்டுல ஒரு எண்ணெய் ஊத்தறாம் பாரு, மூக்குல ஏறிக் கண்ணுல எறங்கும்." "பஞ்சாப்காரன் பருப்பை ராத்திரியெல்லாம் அடுப்புல உட்டுருவான், காத்தால பாத்தா வெண்ணெயாட்டம் இருக்கும்." நங்கையா ரசத்துக்குப் புளி கரைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சுதான் நிறைந்திருந்தது.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். நங்கையா ஒரு டம்ளர் நீட்டினாலும், தோள்துண்டில் உள்ளங்கையைத் துடைத்து, திருப்பிப் புறங்கையையும் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார். "டம்ளரு அழுக்காகுதோ இல்லையோ, துண்டு தேஞ்சு போகுது," என்பார் நங்கையா.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தைப்பொங்கல் கழிந்ததும், நேபாள எல்லையில் இருக்கிற ரக்சாலுக்கு லோடு போனார். லாரி திரும்பி வந்தது. அவர் வரவில்லை. கூடப் போன இரண்டாவது டிரைவர் வந்து நின்று அழுதார். எல்லையைத் தாண்டினால் ஒரு சந்தையாம். முந்தின தடவை இருவரும் அங்கே ஒரு கடையில், ஆவியில் வெந்த கறி உருண்டையைச் சிவப்புச் சட்னியோடு சாப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை இவருக்குக் காய்ச்சல், லாரியிலேயே படுத்துவிட்டார். "சாப்ட்டுட்டு வாரேன்னு போனாருங்க. துண்டைத் தோள்ல போட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டேதான் போனாருங்க. அவ்வளவுதானுங்க." மூன்று நாள் தேடியிருக்கிறார்கள். அந்தப் பாஷை ஒருத்தருக்கும் தெரியாது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஆற்றில் போனாரா, யாராவது அடித்துப் போட்டார்களா, தானாகவே போனாரா? எதுவும் தெரியவில்லை.

வருஷங்கள் போனபோது ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்குப் படையல் வை, தாலியைக் கழற்று, தம்பி வீட்டோடு வந்து இரு என்றார்கள். நங்கையா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, சாப்பிடப் போன ஆளை எங்க தேடோணும்? ஆத்துலயும் கிணத்துலயுமா? சாப்பாட்டுக்கடையிலதானே தேடோணும்?" என்றார். எனக்கு அது பைத்தியக்காரப் பேச்சாகத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் கடை கடையாகப் போகத் தொடங்கினோம். நம் பக்கத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கல்யாண ஜவுளி எடுக்கப் போனால்கூடக் கட்டுச்சோறுதான். தனி ஒருத்தியாகப் போய் உட்கார்ந்தால் பேச்சு வரும் என்பதால் என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். முதலில் போனது சங்ககிரி ரோட்டில் இருந்த பஞ்சாபி தாபா. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்.

"ஏனுங் பெரியம்மா, வழி தப்பி வந்துட்டீங்களா? கோயிலு மலை மேல இருக்குதுங்க."

"மலை மேல இருக்கற சாமிக்குப் பசிக்காது சாமி. எனக்குப் பசிக்குது. ரொட்டி சூடா இருக்குதான்னு கேட்டுச் சொல்லு," என்றார் நங்கையா. சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு தட்டு கொண்டுவரச் சொன்னார். ஒன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். மற்றதை எனக்கு என்று நினைத்துக் கையை நீட்டினேன். "உனக்குத் தனியாச் சொல்லிக்க," என்று சொல்லிவிட்டு, அந்தத் தட்டை எதிர்க் கட்டிலில், ஆள் இல்லாத இடத்தில் வைத்தார். பருப்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "வெண்ணெயாட்டந்தான் இருக்குது," என்றார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த போட்டோவைக் கடைக்காரரிடம் காட்டினார். கல்யாணமான புதிதில் அண்ணன் லைசென்சுக்காக எடுத்த போட்டோ. எண்ணெய் வைத்து வாரிய தலை, அரும்பு மீசை. கடைக்காரர் தெரியாது என்று தலையை ஆட்டினார். எதிரில் இருந்த தட்டில் ரொட்டி காய்ந்து விறைத்துப்போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். வெயில் கட்டிலின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நகர்ந்தது. அதை நான் மறக்கவில்லை. யாரோ எழுந்துபோன இடம் மாதிரி இருந்தது. கயிறு தாழ்ந்திருப்பது போலவே எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு முதலில் கோபம்தான். "ஏங்க்கா, ஊட்டுல சோறு தீந்து போச்சா?" என்று கேட்டார். நங்கையா அசரவில்லை. "தம்பி, உன்ற பொண்டாட்டி ஆக்கறதை நாலு நாளைக்கு மொகம் சுளிக்காம சாப்பிடு பாக்கலாம். அஞ்சாம் நாளு நீயும் எங்ககூட வந்துருவே." என் சமையலை வைத்து என் முன்னாலேயே அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். காணாமல்போனவருக்காக அந்த வீட்டில் அழுதது போக, அப்படிச் சிரித்ததும் உண்டு. இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சேலத்துக்குப் பக்கத்தில் பெரிய ஆலை ஒன்று கட்ட வடக்கத்தியார் நிறையப் பேர் வந்தார்கள். அவர்களுக்காக வங்காளத்துக்காரர் ஒருவர் மெஸ் வைத்திருந்தார். அங்கே கடுகெண்ணெயில் வைத்த மீன்குழம்பின் வாசனை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டது. கண்ணில் தண்ணீர். நங்கையா உள்ளே போய் ஒரு பிடி பிசைந்து சாப்பிட்டார். அவருக்கும் கண்ணில் தண்ணீர், ஆனால் முகத்தில் சிரிப்பு. "மூக்குல ஏறிக் கண்ணுல எறங்குது அம்மிணி. பொய் சொல்லலை மனுசன்." எதிரில் தட்டு. போட்டோ. தெரியாது என்ற தலையாட்டல்.

இன்னொரு முறை சேலத்தில் சீனத்துச் சாப்பாடு போடுகிற கடை ஒன்று வந்திருக்கிறது என்று போனோம். நீளநீளமாகச் சேமியா. முள்கரண்டியைக் கொடுத்தார்கள். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏர் பூட்டப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நங்கையா விரலால் இரண்டு இழை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இதை அவரு சொன்னதில்லையே," என்றார். அன்றைக்கு எதிர்த் தட்டு வைக்கவில்லை. அண்ணன் வாயால் கேட்ட சாப்பாட்டுக்கு மட்டும்தான் தட்டு. அதில் அவர் கண்டிப்பு.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். நாமக்கல் ரோட்டில் புதிதாக வந்த ஒரு கடை. கல்லாவில் இருந்தவர் மரியாதையான மனிதர். போட்டோவை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க பையனுங்களா?" என்றார்.

நங்கையா போட்டோவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். கல்லாக்காரர் அனுதாபமாக, "நல்ல களையான பையன். வந்துருவாப்பல, கவலைப்படாதீங்க," என்றார். நங்கையா போட்டோவை வாங்கிப் பைக்குள் வைத்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். காற்றில் அவருடைய முன்தலை நரை பறந்தது. அதை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "நா அவருக்கு அம்மாவாட்டம் ஆயிட்டேன் அம்மிணி." நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவருக்கும் நரைச்சிருக்குமில்ல? பல்லு போயிருக்கும். இந்தப் போட்டோவை வெச்சுக்கிட்டு யாரு அவரைக் கண்டுபிடிக்கறது? எதுத்தாப்பல வந்து உக்காந்தாலும் எனக்கே தெரியாது." பிறகு, யாரிடமோ காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னார். "புதுசா ஒரு போட்டோ இருந்தாத் தேவலை."

அன்றிலிருந்து கடைகளில் அவர் பார்வை மாறிவிட்டது. அதற்கு முன்னால் வாசலைப் பார்ப்பார். பிறகு, உட்கார்ந்திருக்கிற வயசான ஆண்கள் ஒவ்வொருவரையும் பார்க்கத் தொடங்கினார். கை கழுவிவிட்டு வருகிறவர்கள் துண்டில் துடைப்பதைப் பார்ப்பார். அவர் பார்ப்பதை நானும் பார்ப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். ஒரு கடை முழுக்க உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத மனிதர்களில் எவரும் அவராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தப் பாடு தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு லாரிக்காரர் வந்து சொன்னார். சேலத்தில் ஜவ்வரிசி ஆலை ஒன்றின் கூர்க்காவுடைய மனைவி, ஆலைக்கு வெளியே தகரக் கொட்டகையில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கிறார். மற்ற கூர்க்காக்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். "ஆவியில வெச்ச உருண்டை ஒண்ணு போடறாங்கம்மா. செவப்புச் சட்னி." நங்கையா அப்போதே சேலையை மாற்றிக்கொண்டார்.

கடைக்காரம்மாள் பெயர் மாயா. வட்டமான முகம், மூக்கில் தங்கப்பொட்டு. நேபாளத்திலிருந்து வந்து பல வருஷம் ஆகிவிட்டதால் நன்றாகவே தமிழ் பேசினார். கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரை, முள்ளங்கி ஊறுகாய், அரிசி மாவில் சுட்ட வளையம் போன்ற ரொட்டி எல்லாம் இருந்தன. அடுப்பின் மேல் ஓட்டை போட்ட அலுமினிய அடுக்குப் பாத்திரத்தில் அந்த உருண்டைகள் வெந்துகொண்டிருந்தன.

"ஏம்மா, உள்ள ஆட்டுக்கறிதானே?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்கறிதாம்மா. எங்க ஊர்லதான் எருமை. இங்க எருமை போட்டா நீங்க என்னை அடிப்பீங்க," என்று சிரித்தார். "மோமோ இதுக்குப் பேரு."

பூரணக் கொழுக்கட்டையை மூடுவது போல மடித்து மடித்து மூடியிருந்தது. நான் கடித்த முதல் கடியில் உள்ளே இருந்த சாறு வழிந்து சேலையெல்லாம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த கூர்க்காக்கள் சிரித்தார்கள். நங்கையா ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு மீதியைச் சாப்பிட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மாயா ஆச்சரியப்பட்டார். "முன்னாடியே சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்ல. எங்க ஊட்டுக்காரரு சொல்லியிருக்காரு. சாறைக் கீழ உட்டா ஊரே சிரிக்கும்னு." சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தார். எள் வாசனை. "இதுதான்," என்றார். எதிரில் வைத்திருந்த தட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

போட்டோவை மாயாவிடம் கொடுத்தார். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். மாயா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். உடனே தலையை ஆட்டாதவர் அவர் ஒருவர்தான்.

"எங்க ஊர் அந்தச் சந்தைக்குப் பக்கந்தாம்மா," என்றார். "சந்தையில ஒரு மதராசி இருக்காரு. இட்லிக்கடை. பேசவே மாட்டாரு. அங்கத்துப் பொம்பளை ஒண்ணு கூட இருக்கு. ரெண்டு பொண்ணுங்க." நிறுத்தினார். "ஆனா அவரு வயசானவரு, தாடி. இவரு சின்னப் பையன். எனக்குத் தெரியலைம்மா. நான் பொய் சொல்லக்கூடாது."

நான் நங்கையாவைப் பார்க்கப் பயந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "இட்லி நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

"கூட்டம் இருக்கும்மா."

நங்கையா தலையை ஆட்டினார். பிறகு, இத்தனை வருஷமும் எந்தக் கடையிலும் செய்யாத காரியம் ஒன்று செய்தார். எதிரில் இருந்த தட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு அம்மிணி, ஆறிப்போகும். அவரு அங்க சாப்ட்டிருப்பாரு."

நான் சாப்பிட்டேன். யாருக்கோ வைத்ததைத் தின்கிற பயத்தோடு சாப்பிட்டேன். அந்த ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டதும், ரக்சால் போகிற லாரியில் தானே போய்ப் பார்த்து வருவதாகக் குதித்தார். நங்கையா விடவில்லை. "போயி என்ன கேப்பே தம்பி? அவரா இருந்தா அந்தப் பொண்ணுங்க ரெண்டும் நடுங்கும். இல்லைன்னா நா நடுங்குவேன்." அதற்குப் பதிலாக என்னை அழைத்துக்கொண்டு சேலத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, நரைத்த தலையை அப்படியே வாரி முடிந்து, சிரிக்காமல் உட்கார்ந்தார். போட்டோக்காரர், "தலையைக் கொஞ்சம் கறுப்பாக்கித் தரட்டுமா அம்மா?" என்று கேட்டார். "வேண்டாம். இருக்கறாப்பலயே இருக்கட்டும். அதுக்குத்தானே எடுக்கறது," என்றார். ஒரே ஒரு படம்தான் போடச் சொன்னார்.

மாயா ஊருக்குப் போகும்போது அதைக் கொடுத்தனுப்பினார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையில குடு, போதும். அவரா இருந்தாத் தெரிஞ்சுக்குவாரு. வேற ஆளா இருந்தா, யாரோ ஒரு பொம்பளைன்னு திருப்பிக் குடுத்துருவாரு."

மாயா திரும்பி வர மழைக்காலம் ஆகிவிட்டது. நாங்கள் போனபோது அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து நங்கையாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"குடுத்தேம்மா. ரொம்ப நேரம் பாத்தாரு. ஒண்ணும் பேசலை. எனக்கு இட்லி வெச்சாரு. காசு வாங்கலை."

"போட்டோ?"

"திருப்பித் தரலை. பையில வெச்சுக்கிட்டாரு."

தகரத்தில் மழை விழுகிற சத்தம். நங்கையா மெல்லக் கேட்டார். "போட்டோவை வாங்கறப்பக் கையைத் தொடைச்சாரா?"

மாயா யோசித்தார். "மாவுக் கையில்ல? தொடைச்சாரு. துண்டுல இப்படி, அப்பறம் இப்படி." உள்ளங்கையைத் துடைத்துக் காட்டினார். திருப்பி, புறங்கையைத் துடைத்துக் காட்டினார்.

"அப்பச் செரி," என்றார் நங்கையா.

எந்தச் சமையல்காரர்தான் கையைத் துடைக்கமாட்டார்? இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எனக்கே பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இரவில் கண்ணை மூடினால், பார்க்காத ஒரு சந்தையில் தாடிக்காரர் ஒருவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். முகம் தெரியாது.

அதற்குப் பிறகு நங்கையா வேறு எந்தக் கடைக்கும் போகவில்லை. மாயாவின் கடைக்கு மட்டும் போவார். ஒரு தட்டுதான் சொல்வார். போட்டோவைச் சுருக்குப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஊர்ப் பேச்சு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகலில் வீட்டுக் கதவைத் தாழிட்டதே இல்லை. கடைசி நாளும் அப்படித்தான். மத்தியானம் சோற்றை வடித்து வைத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று படுத்திருக்கிறார். பட்டறைக்காரரின் மனைவி மோர் கொடுக்க வந்து, திறந்திருந்த கதவு வழியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். சாப்பிடாமல்தான் போயிருக்கிறார்.

இப்போது என் பதிலுக்கு வருகிறேன். குளிப்பாட்ட நின்ற பெண்களிடம், "மஞ்சப் பூசுங்க. நெறையப் பூசுங்க," என்றேன்.

வெளியிலிருந்து பெரியவர் கேட்டார். "எதை வெச்சு அம்மிணி சொல்றே? அவன் இருக்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"அவங்க போட்டோ ஒரு ஆளு கையில இருக்குதுங்க மாமா. திருப்பித் தரலை."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். மஞ்சள் பூசினோம். குங்குமம் வைத்தோம். மல்லிகை கிடைக்காமல் கனகாம்பரம் வைத்தோம். மாயா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தபோது தூக்குகிற நேரம். துணியில் கட்டி ஒரு தூக்குவாளி கொண்டுவந்திருந்தார். திறந்ததும் எள் வாசனை. காரியத்தன்றும் அந்த உருண்டைகளைப் புதிதாகச் செய்து கொண்டுவந்தார்; இலை போட்டபோது அதைத்தான் நடுவில் வைத்தோம். "ஒரு இலையா, ரெண்டு இலையா?" என்று கேட்டார்கள். ஒன்றுதான் என்றேன். சொன்ன பிறகும் இலைக்கு எதிரே இருந்த வெறும் தரையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்கும் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் எதிர் நாற்காலியைத்தான் முதலில் பார்க்கிறேன். பேரன் அங்கே உட்கார்ந்தால், "இந்தப் பக்கம் வா சாமி," என்கிறேன். "ஏன் ஆத்தா, அங்க யாரு வாராங்க?" என்று கேட்கிறான். அவன் தட்டை என் பக்கம் இழுத்து வைக்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை சில. பசித்தவர் எங்கே இருந்தாலும் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்ற அவருடைய தைரியம். சாறு சிந்தாமல் சாப்பிடுகிற விதம்; அதை இன்னும் முழுக்கப் பழகவில்லை. அந்தச் சுருக்குப் பை. அதற்குள் அரும்பு மீசை வைத்த செங்கோடண்ணன். அவருக்கு வயசே ஆகவில்லை. நங்கையாவின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. மாலை போடச் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லை. எடுத்த ஒரே படம் வடக்கே போய்விட்டது.

மாயா இனி ஊருக்குப் போகப்போவதில்லை. அவருடைய அம்மா இறந்த பிறகு அங்கே யாரும் இல்லை. ஆகையால் வடக்கே லோடு கொண்டுபோகிற தம்பிமார்களைத்தான் கேட்கிறேன். ரக்சால் தாண்டி அந்தச் சந்தையில் இட்லிக்கடை இன்னும் இருந்தால், போய்ச் சாப்பிடுங்கள். கூட்டம் குறைந்த பிறகு, அந்தப் பெண்பிள்ளைகள் காதில் விழாமல், பாவாயி போய்விட்டார் என்று மட்டும் தமிழில் சொல்லுங்கள். மஞ்சள் பூசித்தான் அனுப்பினோம் என்று சொல்லுங்கள். வேற்றாளாக இருந்தால் புரியாமல் விழிப்பார், விட்டுவிடுங்கள். அவராக இருந்தால், வரச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். நங்கையாவின் போட்டோவையும் கேட்க வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும்.

தாடியோடும் நரையோடும், இப்போது இருக்கிற மாதிரியே, தன்னைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொல்லுங்கள்.